பட்ட காலே படுமா? – தற்செயலை அளந்த வரலாறு

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒரே வீட்டில் ஓராண்டுக்குள் இரண்டு சாவு நேர்ந்தால் ஊரார் காரணம் தேடத் தொடங்குகின்றனர். சாலையின் ஒரே வளைவில் மூன்று விபத்துகள் நேர்ந்தால் அவ்விடத்துக்கு ஒரு கதை பிறந்துவிடுகின்றது. அதே தமிழ்தான், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றும் சொல்லி வைத்திருக்கின்றது. காகம் அமர்ந்ததும் பழம் வீழ்ந்ததும் ஒருங்கே நிகழ்ந்தனவேயன்றி, ஒன்று மற்றொன்றின் விளைவன்று என்பது அதன் கருத்து. இவ்விரு மொழிகளுள் எப்போது எதனைக் கொள்வது? இவ்வினாவுக்கு விடைகாண ஒரு கணக்குத் தேவைப்பட்டது. அக்கணக்கின் வரலாறு நீதிமன்றத்தைப் பற்றிய ஒரு நூலில் தொடங்கி, படைவீடுகளையும் போரையும் கடந்து, மீண்டும் நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தது.

பாய்சான் வகுத்த விதி

1654-ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், சூதாட்டப் பந்தயப் பணத்தைப் பங்கிடுவது குறித்துக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவுக் கணிதம் அக்கடிதங்களில் உருப்பெற்றது. எனினும் பகடைக்கு ஆறு முகங்கள் என்பது முன்னரே தெரியும். வாழ்க்கைக்கு எத்தனை முகங்கள் என்பது யாருக்கும் தெரியாது. அரிதாக நேரும் நிகழ்ச்சிகளை எவ்வாறு கணிப்பது?

1837-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் ஒரு நூலை வெளியிட்டார். குற்ற வழக்குகளில் ஜூரிகள் தவறான முடிவு கூறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஆராய்வது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. அதனிடையே அமைந்த சிறு வாய்ப்பாடே பின்னர் அவர் பெயரால் வழங்கலாயிற்று. நிகழ்வதற்கான சந்தர்ப்பங்கள் பலவாக இருக்கவேண்டும். ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அது நிகழும் தகவு மிகச் சிறிதாக இருக்கவேண்டும். ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைத் தூண்டாதிருக்கவேண்டும். இம்மூன்றும் பொருந்தினால், சராசரி ஒன்றைக் கொண்டே மற்றவற்றைக் கணித்துவிடலாம்.

குதிரை உதைத்த கணக்கு

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்விதியின் ஆற்றல் நன்கு விளங்கியது. போர்ட்கீவிச் என்னும் புள்ளியியல் அறிஞர் 1898-ஆம் ஆண்டில் சிறு எண்களின் விதி பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று, பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் கணக்கு. 1875 முதல் 1894 வரையிலான 20 ஆண்டுகளுக்கு 14 படைப்பிரிவுகளின் விவரம் அவரிடம் இருந்தது. அமைப்பில் வேறுபட்ட 4 பிரிவுகளை நீக்கினால், எஞ்சிய 10 பிரிவுகளுக்கு 20 ஆண்டுகளாக 200 பதிவுகள் கிடைக்கின்றன. அவற்றில் மாண்டோர் 122 பேர். ஆகவே, ஒரு பிரிவுக்கு ஓராண்டுச் சராசரி 0.61.

இனிக் கணக்கு எளிது. 0.61 என்பதை ஆயிரம் சிறு சந்தர்ப்பங்களாகப் பகிர்ந்தால், ஒரு சந்தர்ப்பத்தில் சாவு நேராதிருக்கும் தகவு 0.99939 ஆகும். அதனை ஆயிரம் முறை தன்னோடு பெருக்கினால் ஏறத்தாழ 0.543 வரும். எனவே, 200 பதிவுகளில் ஏறக்குறைய 109 பதிவுகள் சாவின்றி அமையவேண்டும். அவ்வெண்ணை 0.61ஆல் பெருக்கினால் ஒரு சாவு நேரும் பதிவுகள் 66. அதனை மீண்டும் 0.61ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் இரு சாவுகள் நேரும் பதிவுகள் 20, மறுபடியும் 0.61ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் மூன்று சாவுகள் நேரும் பதிவுகள் 4. உண்மையில் நடந்தது என்ன? சாவில்லாதவை 109, ஒன்று நேர்ந்தவை 65, இரண்டு நேர்ந்தவை 22, மூன்று நேர்ந்தவை 3, நான்கு நேர்ந்தது 1.

ஓராண்டில் நான்கு வீரரை இழந்த படைப்பிரிவின் தலைவர், தம் இலாயத்தைச் சனி பிடித்ததென்று எண்ணியிருந்தால் வியப்பில்லை. கணக்கோ, இருநூறு பதிவுகளில் அப்படியொன்று வருவது இயல்பே என்கிறது.

லண்டனில் விழுந்த குண்டுகள்

இரண்டாம் உலகப் போரில், 1944-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுகள் லண்டன்மீது விழலாயின. அவை கூட்டங்கூட்டமாகவே விழுகின்றன என்ற பேச்சு எழுந்தது. அது மெய்யாயின், பகைவரின் கருவி குறிதவறாது தாக்கவல்லது என்று பொருள்படும். ஆர். டி. கிளார்க் என்னும் காப்புறுதிக் கணிப்பாளர் இதனை ஆராய்ந்து 1946-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தென் லண்டனில் 144 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை அவர் 576 சம கட்டங்களாகப் பகுத்தார். விழுந்த குண்டுகள் 537. தற்செயலாக விழுந்திருந்தால் ஏறத்தாழ 227 கட்டங்கள் வெறுமையாக இருக்கவேண்டும், இருந்தவை 229. ஒரு குண்டு பெறவேண்டிய கட்டங்கள் 211, பெற்றவையும் 211. நான்கு குண்டுகள் பெறவேண்டியவை 7, பெற்றவையும் 7. மக்கள் கண்ட கூட்டம் உண்மையே. அதற்குப் பின்னே ஒரு குறி இருந்தது என்பதே பொய்.

சீராகப் பரவுவதன்று தற்செயல். திட்டும் திடலுமாகக் குவிவதே அதன் இயல்பு. இதனை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு.

ஒரு தாதியின் வழக்கு

நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்னும் தாதி பணியிலிருந்த வேளைகளில் நோயாளிகள் பலர் மாண்டனர் என்று ஐயம் எழுந்தது. அது தற்செயலாக நேர 34 கோடியே 20 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டென்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ப் புள்ளியியல் அறிஞர்கள் அக்கணக்கை மீளாய்ந்தனர். தனித்தனி வார்டுகளின் தகவுகளை முறையின்றிப் பெருக்கியதையும், ஐயம் எழுந்த பின்னரே ஐயத்துக்குரிய சாவுகள் தேடித் தொகுக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டினர். முறையாகக் கணித்தால் அவ்வாய்ப்புச் சில பத்துகளில் ஒன்றாகவே அமைந்தது. நாட்டில் தாதியர் பல்லாயிரவர். அவர்களுள் எவரேனும் ஒருவருக்கு அவ்வாறு நேர்வது வியப்பன்று. மருத்துவச் சான்றுகளும் மறு ஆய்வில் நிலைக்கவில்லை. 2010-ஆம் ஆண்டில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இடையில் சிறையில் கழிந்த ஆண்டுகளை எக்கணக்கும் மீட்டுத் தரவில்லை. ஜூரிகளின் பிழையை அளக்கப் புகுந்த நூலில் பிறந்த விதி, நீதிமன்றத்தில் மறக்கப்பட்டது காலத்தின் முரண்.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காட்டலாம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் எண்ணிட்டு, அவ்வெண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குக. ஒரு சீட்டை எடுத்து, அக்கட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, சீட்டை மீண்டும் போட்டுக் குலுக்குக. இவ்வாறு 64 கொட்டைகளையும் வைத்தபின் பார்த்தால், கட்டத்துக்கு ஒன்றாக அவை அமைந்திரா. ஏறத்தாழ 24 கட்டங்கள் வெறுமையாகும். நான்கைந்து கட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ குவிந்திருக்கும். அக்கட்டங்கள் செய்த பாவம் யாதொன்றுமில்லை.

குவிந்தன யாவும் தற்செயலே என்று முடிவு கட்டிவிடுவதும் அறிவன்று. 1854-ஆம் ஆண்டில் லண்டனின் சோஹோ பகுதியில் காலராச் சாவுகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்தன. மருத்துவர் ஜான் ஸ்னோ காரணம் தேடினார்; நீரில் கண்டார். தற்செயல் எவ்வளவு குவிக்கும் என்பதை முதலில் கணித்து, அதனை விஞ்சியதற்கே காரணம் தேடுவது முறை. பட்ட காலிலே பட்டது என்று வருந்துவோரிடமும், கெடுத்தவன் இவனே என்று விரல் நீட்டுவோரிடமும், எத்தனை கால்கள், எத்தனை கற்கள் என்று கேட்கும் பழக்கத்தை மாணவர் பெறுவாராயின், குற்றமற்றோர் பழிசுமப்பது குறையும்.