குடிக்கு மருந்துச் சீட்டு

2020 மார்ச் கடைசி வாரம். கேரளத்தின் பெவ்கோ கடைகளும் தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைகளும் ஒருசேர இழுத்துச் சாத்தப்பட்டன. இரண்டுமே அரசு நடத்தும் மதுக்கடைகள். கொரோனாவுக்காக ஒரே நாளில் பூட்டுப் போட்டவர்களுக்கு, அதுவரை தினமும் அங்கே வந்து நின்றவர்களை என்ன செய்வது என்பது பிறகுதான் உறைத்தது.

வருடக்கணக்கில் குடித்த உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. முதல் நாளே கை உதறும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி பேதலித்து, சுவரில் இல்லாத பூச்சியைக் காட்டிக் கத்துவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம்.

கேரளத்தில் சில நாட்களுக்குள்ளேயே, மது கிடைக்காத தவிப்போடு தொடர்புபடுத்தி அடுத்தடுத்துத் தற்கொலைச் செய்திகள் வந்தன. மிரண்டுபோன அரசு மார்ச் 30 அன்று விசித்திரமான ஆணை ஒன்றைப் போட்டது: அரசு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைக் கலால் அலுவலகத்தில் காட்டி பாஸ் வாங்கி மது பெறலாம்! மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், கருப்புப் பட்டை அணிந்தே வேலை பார்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது.

மருத்துவர்கள் பக்கமே நியாயம். குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும் தயமின் ஏற்றுவதும்தான் குடியை நிறுத்தும் தவிப்புக்கான சிகிச்சை. ஆனால் பஸ் ஓடாத, போலீஸ் லத்தியோடு நின்ற அந்த ஏப்ரலில், கை உதறலுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பவர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் கையில் கிடைத்ததைக் குடித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில், ஆஃப்டர் ஷேவ் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூவர் இறந்தனர். செங்கல்பட்டுப் பக்கம் வார்னிஷ் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. ஜூலை இறுதியில் ஆந்திரத்தின் குறிச்சேடு கிராமத்தில் சானிடைசர் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

குடியை மட்டும் கைகாட்டிவிட்டு நகர முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், இந்தியாவில் 2019-ல் 1,39,123 ஆக இருந்த தற்கொலைகள் 2020-ல் 1,53,052 ஆயின. இறந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் தினக்கூலி. வேலை போனது, கடன் ஏறியது, தனிமை, குடி என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைப் பிரித்துச் சொல்லும் ஆற்றல் அந்த அட்டவணைக்கு இல்லை.

மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் டாஸ்மாக் திறந்தது. அன்றைய விற்பனை மட்டும் 170 கோடி ரூபாயைத் தாண்டியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, அடுத்த நாள் ஷட்டர்கள் மறுபடி ஏறின. சென்னைக் கடைகள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தன.