சுட்ட கப்பலும் சுமந்த கப்பலும்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் வயதானவர்களிடம் ரஜூலா கப்பல் என்று சொன்னால் போதும். பேச்சு சுலபத்தில் நிற்காது. நெல் விளையும் சீமையில் பிறந்தும் கையகல நிலமில்லாதவர்கள் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் போய், ஏணியைப் பிடித்து ஏறி, மேல்தட்டில் பாயை விரித்துவிட்டால், சுருட்டி எடுப்பது பினாங்கிலோ சிங்கப்பூரிலோதான்.

இந்த ரஜூலாவுக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் ரோனா. இரண்டும் 1926-ல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை. ஒன்று கிளாஸ்கோவில் பிறந்தது. மற்றொன்று இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில். ஒவ்வொன்றும் சுமார் எட்டரை ஆயிரம் டன். சென்னை, நாகை, சிங்கப்பூர் என்று இரண்டும் மாறி மாறி நம் ஜனங்களைச் சுமந்தன. அக்காளை நினைவில் வைத்திருக்கும் ஊர்கள் தங்கையை மறந்துவிட்டன. அது ஊராரின் குற்றமல்ல. அவளைப் பற்றிப் பேசக் கூடாது என்று மிகப் பெரிய இடத்தில் தீர்மானமாகியிருந்தது.

யுத்தம் வந்தால் சர்க்கார் கேட்டு வாங்கும் பொருள்களில் கப்பலும் ஒன்று. 'கேட்டு' என்பது மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை. பிரயாணிக் கப்பலுக்குச் சாம்பல் வர்ணம் பூசி, பீரங்கி ஏற்றிவிட்டால் அதுவும் போர்க்கப்பல் என்று பேர் பெற்றுவிடும். இப்படிப் பேர் பெற்றதுதான் லீ வோ.

லீ வோ 1938-ல் ஹாங்காங்கில் கட்டிய சிறிய நீராவிக் கப்பல்; எழுநூறு டன்னுக்குச் சற்றே அதிகம். சீனத்து யாங்ட்சீ நதியில் பிரயாணிகளை ஏற்றி இறக்குவது அதன் பிழைப்பு. பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டு நாலு அங்குலப் பீரங்கி ஒன்றும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் வைத்தது. தலைவர் தாமஸ் வில்கின்ஸனும் வியாபாரக் கப்பல்களில் வேலை பார்த்தவர்தான். சிங்கப்பூர் விழுவதற்கு முதல் நாள், 1942 பிப்ரவரி 14-ந் தேதி, படேவியாவை நோக்கிப் போன லீ வோவின் எதிரே ஜப்பானியத் துருப்புக் கப்பல்கள் கூட்டமாக வந்தன; துணைக்குப் பெரிய போர்க்கப்பல்களும் வந்தன. ஓடித் தப்ப முயன்றிருக்கலாம். வில்கின்ஸன் தாக்குவதென்று தீர்மானித்தார். ஒரு துருப்புக் கப்பலில் தீப்பிடித்தது. தம்முடைய குண்டுகள் தீரும் தறுவாயில் கப்பலையே கொண்டுபோய் அதன்மேல் மோதினார். மற்றவர்களைக் கடலில் குதிக்கச் சொல்லிவிட்டுத் தாம் கப்பலோடு மூழ்கினார். பிழைத்தவர்கள் சுமார் பத்துப் பேர். 1946-ல் அவருக்கு விக்டோரியா சிலுவை அளித்தார்கள். நியாயமான கௌரவம், யாரும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அக்கரைக்குப் போன மகனிடமிருந்து கடிதம் நின்றுபோன வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. கப்பல் மார்க்கமே அடைபட்டுவிட்டது.

ரோனாவை 1940-லேயே துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் பீரங்கிகள் பொருத்தினார்கள். ஆனாலும் பழைய தொழில் மாறவில்லை, சுமப்பதுதான் வேலை. 1943 நவம்பரில் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் ஏறக்குறைய 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள் அதில் ஏறினார்கள். சூயஸ் வழியாக அவர்கள் வந்து சேர வேண்டிய இடம் இந்தியா! கப்பல் சிப்பந்திகளிலும் பெரும்பாலோர் இந்தியர்களே. லஸ்கர் என்று ஒரே வார்த்தையில் அவர்களைக் குறிப்பிட்டுவிடுவது வழக்கம்.

நவம்பர் 26-ந் தேதி பிற்பகலில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று எறிந்த குண்டு, மற்றக் குண்டுகளைப் போல நேரே கீழே விழவில்லை. அதற்குச் சிறகு இருந்தது. ராக்கெட் இயந்திரம் இருந்தது. விமானத்தில் இருந்தவன் ரேடியோ அலையால் அதைத் திருப்பித் திருப்பி, ரோனாவின் விலாவில் கொண்டுவந்து செருகினான். கப்பல்களின் மேல் இந்த ஆயுதத்தை ஏவத் தொடங்கி மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. உயிர் காக்கும் படகுகளில் பாதிக்கு மேல் இறக்கவே முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. இருட்டு, குளிர், கொந்தளிப்பு. பயனீர் என்ற அமெரிக்கக் கப்பல் ஒன்று மட்டும் அறுநூறு பேரைத் தூக்கி எடுத்தது. அப்படியும் 1,015 அமெரிக்கர்கள் மாண்டார்கள். எதிரியின் தாக்குதலால் ஒரே கப்பலில் அத்தனை அமெரிக்கச் சிப்பாய்கள் கடலில் இறந்தது வேறெப்போதும் இல்லை.

புதிய ஆயுதம் பலித்துவிட்டது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதல்லவா? உயிர் தப்பியவர்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டார்கள். பிள்ளை எந்தக் கடலில், எப்படிச் செத்தான் என்று அறியாமலே பல தாய்மார்கள் கண் மூடினார்கள். யுத்தம் முடிந்தும் பூட்டு முழுதாகத் திறக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1996-ல்தான் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஒரு நினைவுக்கல் எழுந்தது.

லஸ்கர்கள் சங்கதி இன்னும் பரிதாபம். சிப்பாய்களைக் கைவிட்டுத் தங்கள் உயிரைக் காக்கப் பார்த்தார்கள் என்று தப்பி வந்த சிலர் அவர்கள்மேல் பழி சொன்னார்கள். அந்த இருட்டில் யார் என்ன செய்தார்கள் என்று நியாயத்தராசு பிடிக்க நாம் யார்? ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்களிலும் நூறு பேருக்கு மேல், அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள், அந்தக் கப்பலோடு போனார்கள். தப்பி ஓடினவர்களின் கணக்கா இது? யுத்தத்தில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்களை எழுதிய பதிவேடுகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கின்றன. புரட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ரஜூலா பிழைத்தது. யுத்தம் ஓய்ந்தபின் மறுபடியும் நாகைக்கு வந்து, 1970-களின் தொடக்கம் வரை பாயையும் மூட்டையையும் மனிதர்களையும் சுமந்து, 1974-ல் உடைபட்டது. ஒரே வருஷத்தில் பிறந்து, ஒரே கடலில் உழைத்த இரண்டில் ஒன்றுக்கு ஊரார் வாயில் ஆயுசு. மற்றொன்றுக்கு மத்தியதரைக் கடலின் அடியில் இருட்டு.

சுட்ட கப்பலுக்குப் பதக்கம் கிடைக்கும். சுமந்த கப்பலை, அதில் ஏறிப் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகளாவது நினைக்க வேண்டும். இனி யாராவது ரஜூலாவின் கதையைச் சொன்னால், தங்கையின் பேரையும் ஒரு தடவை கேட்டு வையுங்கள்.