தீரு நகரின் வீழ்ச்சியும் மீட்சியும்

துறைமுகத்தின் வளமே பகைவரை ஈர்க்கும் என்பதை 1511-ஆம் ஆண்டில் மலாக்கா கண்டது. அதற்கு ஏறத்தாழ ஈராயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர்ப் பினீசியரின் தீரு நகரும் அந்நிலையில் நின்றது. எருசலேம் வீழ்ந்ததும், இனி வாணிகமெல்லாம் தனக்கே என அது மகிழ்ந்தது என்பார் எசேக்கியேல். அதனாலேயே அந்நகர் மீன்வலை உலர்த்தும் வெறும் பாறையாகும் எனத் தீர்ப்புரைத்தார். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்பர். ஆயினும் படைக்குக் கூலி கிட்டவில்லை. அதனை அவர் நூலே 29-ஆம் அதிகாரத்தில் மறைக்காது ஒப்புகிறது. இந்நேர்மை போற்றத்தக்கது. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் கடலைத் தூர்த்து வழியமைத்தபோதே அத்தீவு நகரம் வீழ்ந்தது.

தீர்ப்போடு நிறுத்துவோர் பாதியே படித்தவராவர். எழுபது ஆண்டுகட்குப் பின் தீருவின் வாணிகம் மீளும் என்கிறது ஏசாயா 23-ஆம் அதிகாரம். எகிப்துக்கு நாற்பது ஆண்டு குறித்தார் எசேக்கியேல். மோவாபு, அம்மோன், ஏலாம் ஆகியோர்க்கும் மீட்சி உரைத்த எரேமியா, பகைநாடாகிய மோவாபுக்காக நெஞ்சுருகிப் புலம்பவும் செய்தார். உடன்பிறந்தார் வழிவந்த ஏதோமுக்கோ அத்தகைய சொல்லை அவர் அருளவில்லை. உறவின் பகை அத்துணைக் கொடிது போலும்!

தீரு இன்று லெபனானில் சூர் என வழங்குகிறது. அலெக்சாந்தர் தூர்த்த வழியில் மணல் சேர்ந்து, தீவு கரையோடு இணைந்துவிட்டது.