வால்வு சூடேற்றியின் வெள்ளைக் காப்பு

வானொலி வால்வு எனப்படும் வெற்றிடக் குழாயின் நடுவில் மெல்லிய டங்ஸ்டன் இழை ஒன்று இருக்கும். இதுவே சூடேற்றி. அதன் மீது சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் படலம் படிந்திருக்கும். இப்படலம் அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினா. இதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இழையின் வெப்பத்தை வெளியே விடுவதும், அதன் மின்சாரத்தை வெளியே விடாமல் தடுப்பதும் இதன் வேலை. நீலகிரியின் பைக்காரா நீர் மின்சாரமாகி ஊர்களுக்குப் பாயத் தொடங்கிய 1930களில்தான் இந்தப் பூச்சும் உலகெங்கும் பரவியது. வீட்டு வானொலி மின்கலத்தை விட்டுச் சுவர் மின்சாரத்துக்கு மாறியதில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

மின்கலக் காலம்

ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் இருமுனைய வால்வை உருவாக்கினார். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்றாவது முனையைச் சேர்த்தார். இவ்வகைத் தொடக்ககால வால்வுகளில் சூடாகும் இழையே எலக்ட்ரான்களையும் உமிழ்ந்தது. எனவே இழைக்கு ஏற்ற இறக்கமில்லாத நேர்த்திசை மின்சாரம் தேவைப்பட்டது. அதை மின்கலங்களே தந்தன. வீட்டில் வானொலி வைத்திருந்தவர்கள் அமிலம் நிரம்பிய மின்கலத்தை அவ்வப்போது சுமந்து சென்று மின்னேற்றி வர வேண்டியிருந்தது.

சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை இந்த இழைக்கு நேரடியாகக் கொடுத்தால், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்கும். பழுது பார்ப்பவர்கள் இதை 'ஹம்' என்பர். பேச்சையும் பாட்டையும் அது மூழ்கடித்துவிடும்.

மறைமுகச் சூடாக்கம்

சூடாகும் பொருளையும் எலக்ட்ரானை உமிழும் பொருளையும் பிரித்துவிடுவதே இதற்குக் கண்ட தீர்வு. நிக்கலால் ஆன சிறு குழலின் வெளிப்புறத்தில் பேரியம், ஸ்டிரான்சியம் ஆக்சைடுகள் பூசப்பட்டன. இந்தக் குழலே கேத்தோடு, அதாவது எதிர்மின்வாய். உள்ளே செருகிய இழை, அடுப்பைப் போல அதைச் சூடாக்க மட்டும் செய்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1927இல் வெளியிட்ட யு.ஒய்.-227 வால்வின் மூலம் இம்முறை வீடுகளில் பரவலாக நுழைந்தது.

ஆனால் இழை குழலைத் தொடக்கூடாது. தொட்டால் மாறுதிசை மின்சாரம் கேத்தோடுக்குள் புகுந்து, பழைய இரைச்சல் திரும்பிவிடும். முதலில் துளையிட்ட பீங்கான் தண்டுக்குள் இழையைச் செருகிப் பார்த்தனர். அந்தத் தண்டு சூடாக அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆனது. 1930களில் தண்டை நீக்கி, மின்காப்பை இழையின் மேலேயே பூசும் வழக்கம் வந்தது. வால்வு விரைவில் சூடானது, அளவிலும் சிறுத்தது.

ஏன் அலுமினா?

வேலை செய்யும்போது கேத்தோடு ஏறக்குறைய 750 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் சூடேற்றி அதைவிடச் சில நூறு பாகை கூடுதலாகச் சூடாகும். துணி, ரப்பர், அரக்கு போன்ற வழக்கமான மின்காப்புகள் இந்த வெப்பத்தில் கருகிவிடும். அலுமினாவின் உருகுநிலை ஏறக்குறைய 2,050 பாகை. செஞ்சூட்டிலும் அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது, டங்ஸ்டனைத் தாக்காது, வெற்றிடத்தைக் கெடுக்கும் வாயுவையும் வெளியிடாது. மக்னீசியாவும் பெரிலியாவும் இதற்கு மாற்றாகக் கருதப்பட்டவையே. ஆனால் பெரிலியாவின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

தூளின் தூய்மை இதில் மிக முக்கியமானது. சிறிதளவு சோடியமோ சிலிக்காவோ கலந்திருந்தாலும் சூட்டில் மின்கசிவு கூடும், இழையும் நொறுங்கும்.

பூசும் முறை

தூளைக் கரைசலில் கலந்து தெளிப்பது ஒரு முறை. இழையைக் கலவைக்குள் இழுத்துச் செல்வது இன்னொரு முறை. சுருள் சுருளாக வளைந்த இழைக்கு மிகவும் பொருந்தியது மின்முனைக் கவர்ச்சி முறை. மெத்தனால் போன்ற நீர்மத்தில் மிதக்கும் அலுமினாத் துகள்கள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. இழையை எதிர்முனையாக இணைத்தால் துகள்கள் தாமாகவே நகர்ந்து வந்து அதன் மேல் படிகின்றன. மேடும் பள்ளமும் ஒரே சீராக மூடப்படுகின்றன.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹாமேக்கர் இப்படிவை ஆராய்ந்தார். துகளின் செறிவு, மின்புலம், பரப்பு, நேரம் ஆகியவற்றுக்கு ஏற்பப் படிவின் எடை கூடுகிறது என்று அவர் 1940இல் காட்டினார். இன்றும் மின்முனைக் கவர்ச்சிப் பூச்சு பற்றிய பாடங்கள் அவருடைய சமன்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன. பூசிய இழையை ஹைட்ரஜன் உலையில் 1,600 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் தூள் இறுகி ஓடாகும்.

நீலகிரியும் வானொலியும்

நீலகிரியில் நீர் மின்சாரத்தின் வரலாறு பைக்காராவுக்கு முந்தையது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து கிடைத்த மின்சாரம் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பயன்பட்டது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நிலையமோ ஊர்களுக்கும் கோவையின் பஞ்சாலைகளுக்கும் மின்சாரம் அனுப்பியது. மலை மேலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழும் நீர், சிங்காராவில் சுழலிகளைச் சுற்றியது. அங்கே பிறந்தது மாறுதிசை மின்சாரம்.

அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. மின்கம்பி எட்டிய வீடுகளில் அவற்றைச் சுவர் மின்சாரத்திலேயே கேட்க முடிந்தது. மின்கம்பி எட்டாத இடங்களில் வானொலி கேட்க உலர்மின்கலமே துணை. பிற்காலத்தில் அதற்கென வந்த 1.4 வோல்ட் வால்வுகளில் இழையே எலக்ட்ரானை உமிழ்ந்ததால் அலுமினாப் பூச்சுக்கு வேலையில்லை. வால்வுக்குள் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே, அது எந்த மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் கூறிவிடலாம்.

பெங்களூரில் உற்பத்தி

இந்திய அரசு 1954இல் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1961இல் பிலிப்ஸின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் வானொலி வால்வுகள் அங்கே உற்பத்தியாயின. அங்கு உருவான இ.எல்.84 போன்ற வால்வுகள் பல வீட்டு வானொலிகளில் இடம்பெற்றன. ஹாமேக்கர் ஆராய்ந்த பூச்சு பிலிப்ஸ் வழி வந்த வால்வுகளிலும் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது.

வால்வு பழுதாகும் வழிகளில் ஒன்று இந்தப் பூச்சின் விரிசல். வானொலியைப் போடும்போதும் அணைக்கும்போதும் இழை விரிந்து சுருங்குகிறது. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை குறைவு என்பதால் போட்ட கணத்தில் மின்னோட்டமும் மிகுந்து பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தபின் பூச்சில் மயிரிழை அளவு விரிசல் விழும். அதன் வழியே மின்சாரம் கசிந்து மறுபடியும் 'ஹம்' கேட்கும். அதன்பின் வால்வை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்றைய நிலை

டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றி தேவையில்லை. அது வந்ததும் வானொலியில் இந்தப் பூச்சின் காலம் முடிந்தது. ஆனால் தொலைக்காட்சிப் படக்குழாய்களில் அது மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. செயற்கைக்கோள்களிலும் ரேடார்களிலும் பயன்படும் நுண்ணலைக் குழாய்களில் இன்றும் சூடேற்றியை அலுமினாவுக்குள் புதைக்கின்றனர். செயற்கைக்கோளில் பழுதான குழாயை மாற்ற யாரும் போக முடியாது. விண்ணில் ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டிய கருவியும், முன்பு வீட்டு வானொலி நம்பியிருந்த அதே வெள்ளைத் தூளை நம்பியிருக்கிறது.