வாயிலும் பாவையும்

அன்னவாசல் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் அன்னப்பறவை நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 'அண்ணல்வாயில்' என்றே குறிக்கிறது. அண்ணல் மக்கள் நாவில் அன்னமாயிற்று. எஞ்சிய 'வாயில்' அதனினும் சுவையானது. இல்லத்தின் வாயாகிய 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று என்பர் இலக்கண நூலார். வீட்டிற்கும் வாய் உண்டென்று முதலில் கண்டவர் எவரோ! நாள்தோறும் வாசல் தெளிக்கும் நாம் அதனை உருவகமென்று உணர்வதில்லை.

இத்தகைய மொழியில் பிறந்த நம் பிள்ளைகள் ஆங்கில உருவகத் தொடர்களைக் கண்டு அஞ்சுவது வியப்பே. தேர்வுக்காகப் பட்டியலிட்டு மனனம் செய்விக்கிறோம். அவை பிறந்த காட்சியைக் காட்டுவதில்லை. 'விண்டோ' என்பதன் மூலம் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் சொல். சிலப்பதிகாரம் சாளரத்தைக் 'காலதர்' என்கிறது; கால் என்பது காற்று, அதர் என்பது வழி.

'ஆப்பிள் ஆஃப் தி ஐ' என்றதும் மாணவன் கண்ணில் பழத்தைத் தேடித் திகைக்கிறான். பழைய ஆங்கிலத்தார் கருவிழியைத் திரண்ட உருண்டையென எண்ணி ஆப்பிள் என்றே அழைத்தனர். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இணைச்சட்டம் 32:10இலும் திருப்பாடல் 17:8இலும் அத்தொடரை ஆண்டது. எபிரேய மூலத்திலோ பழமே இல்லை; அங்கிருப்பது 'கண்ணின் சிறு மனிதன்'. பிறர் கண்ணுள் நோக்குவோர் காணும் தம் சிற்றுருவமே அது. இலத்தீனில் கண்மணியைக் குறிக்கும் 'பூப்பில்லா' சிறு பொம்மையையும் குறிக்கும். நம் 'பாவை'யும் அவ்வாறே!

எல்லா உருவகமும் இவ்வளவு எளிதில் இசைவதில்லை. 1530இல் லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் 'ஸ்கேப்கோட்' என்னும் சொல்லை ஆக்கினார். நாம் அதைப் 'பலிகடா' என்கிறோம். கிடா வெட்டைக் கண்டு பழகிய நமக்கு அது இயல்பாய் வருகிறது. ஆனால் லேவியர் நூலில் வெள்ளாட்டுக் கிடாய்கள் இரண்டு. ஒன்றே பலியாகிறது. மற்றதன் தலைமேல் ஆரோன் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களையெல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடு பாலைநிலத்திற்கு அனுப்பிவிடுகிறார். சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைப் 'போக்காடு' என்று செம்மையாகச் சொல்லிற்று. ஏனோ பேச்சு வழக்கில் அது வேரூன்றவில்லை.

சொல் மாறியதில் பொருளும் மாறிவிட்டது. பலிகடா என்கையில் கத்தி ஏந்தியவன் ஒருவனையே நாம் தேடுகிறோம். போக்காட்டை அனுப்பியதோ ஊர் முழுவதும். எவரோ செய்த குற்றத்திற்காக ஊர் கூடி ஒதுக்கிவைத்த குடும்பத்தைக் குறிக்கத் தமிழில் இருக்கும் பொருத்தமான சொல் அதுவே.