மெய்நிகர் நினைவகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கணினி ஒவ்வொன்றும் தன்னிடம் இல்லாத இடத்தை இருப்பதாகக் கூறித் தன்னுள் இயங்கும் செய்நிரல்களை நம்பவைக்கின்றது. இதனைக் குற்றமாகச் சொல்கின்றேன் அல்லேன். அப்பொய் இல்லையாயின் நம் மேசைக் கணினியில் மூன்று வேலைகளை ஒருங்கே செய்தல் அரிதாகும். ஆயினும் அப்பொய்யை எவ்வளவு தூரம் சொல்லலாம், அதனை அளவோடு நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறுகின்றது. லினக்ஸ் முறைமையொன்றின் பொறுப்பாளர் அதன் கருப்பகுதியில் 60 என்னும் எண்ணை அழித்து 10 என்று எழுதும்பொழுது, தாம் அறிந்தோ அறியாமலோ அவ்வழக்கில் ஒரு கட்சியைச் சார்கின்றார்.

கணினியின் நினைவகம் இருவகைப்படும். ஒன்று விரைவானது, விலை கூடியது, ஆகவே சிறியது. மற்றையது மெதுவானது, மலிவானது, ஆகவே பெரியது. கந்தோரில் எழுதுவினைஞரின் மேசையையும் கோவைகள் அடுக்கிய களஞ்சிய அறையையும் இவற்றுக்கு ஒப்பிடலாம். மேசையில் உள்ள கோவையை உடனே விரிக்கலாம். களஞ்சியத்தில் உள்ளதை எழுந்து சென்று எடுத்து வரல் வேண்டும். மேசை நிறைந்துவிட்டால் எதை எடுத்து உள்ளே வைப்பது? வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே செல்கின்றது.

1949 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மாக் 1 என்னும் கணினியில் விரைவு நினைவகமாகக் கதோட்டுக் கதிர்க் குழாய்களும், களஞ்சியமாகக் காந்த உருளையொன்றும் இருந்தன. உருளையிலிருந்து எதனை எப்பொழுது குழாய்க்குக் கொணர்வது என்பதைச் செய்நிரல் எழுதுவோரே திட்டமிடல் வேண்டும். கணக்கைத் தீர்ப்பதிலும் பார்க்க இந்தப் போக்குவரத்தை ஒழுங்குசெய்வதிலேயே அவர்களின் காலம் கழிந்தது. 1954 இல் ரோனி புறூக்கர் ஆக்கிய ஓட்டோகோட் என்னும் எளிய செய்நிரல் மொழி, இச்சுமையைப் பயன்படுத்துவோரின் தோளிலிருந்து இறக்கியது. எனினும் அது மென்பொருளின் உதவியே. பொறி தானே அவ்வேலையைச் செய்யவில்லை.

பொறியே செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் 1956 இல் பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரிட்ஸ் ருடோல்ப் குண்ட்ஷ் என்னும் ஜேர்மானியப் பௌதிகவியலாளரின் கலாநிதிப் பட்ட ஆய்வில் இடம்பெற்றது. அதனைப் பெரும் பொறியொன்றிற் செய்து காட்டிய பெருமை மஞ்செஸ்ரரில் ரொம் கில்பேர்ணும் அவருடைய குழுவினரும் பெற்றனர். அவர்கள் பெராண்டி நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்த அட்லஸ் கணினி 1962 டிசெம்பர் 7 ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது.

அட்லஸின் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் தகும். அதன் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. உருளைகளிலோ 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. இங்கே சொல் என்றது 48 இரும எண்களின் தொகுதியை. நினைவகம் முழுவதும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. எனவே காந்த வளையத்தில் 32 பக்கங்கள் அடங்கும். அந்த 32 பக்கங்களுக்கும் வாயிற்காவலர் போல் 32 பதிவிகள் இருந்தன. செய்நிரல் ஏதேனும் ஒரு முகவரியைக் கேட்டவுடன் அப்பதிவிகள் யாவும் ஒரே கணத்தில் தம்மிடம் உள்ள எண்ணோடு அதனை ஒப்பிட்டன. ஒன்று பொருந்தினால் வேலை தடையின்றி நடக்கும். ஒன்றும் பொருந்தாவிடின் செய்நிரல் நிறுத்தப்படும். மேற்பார்வை நிரல் எழுந்து உருளையிலிருந்து உரிய பக்கத்தைக் கொணர்ந்து வைக்கும். நிறுத்தப்பட்ட செய்நிரல் தனக்கு நேர்ந்ததை அறியாமலே மீண்டும் தொடரும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ஒருநிலைச் சேமிப்பகம் என்பது. மெய்நிகர் நினைவகம் என்னும் பெயர் பின்னர் வழக்குக்கு வந்தது.

வரும் பக்கம் காத்திருக்கலாகாது என்பதற்காகக் காந்த வளையத்தில் எப்பொழுதும் ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டது. அதனை நிரப்பியவுடன் அடுத்த வெறுமைக்காக வேறொரு பக்கத்தை வெளியேற்றல் வேண்டும். எதனை? இங்கேதான் மஞ்செஸ்ரர் குழுவினரின் மதிநுட்பம் வெளிப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாகப் பயன்பட்டதன் பின் எவ்வளவு காலம் சும்மா கிடக்கின்றது, அதற்கு முன்னர் எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்னும் இரண்டையும் குறித்துவைத்து, அவற்றைக் கொண்டு இனி எப்பொழுது அது வேண்டப்படும் என்று ஊகிக்கும் கற்றல் நிரல் ஒன்றை அவர்கள் எழுதினர். பொறி தன் பழக்கத்தைத் தானே கவனித்துக் கற்பது என்பது அக்காலத்தில் துணிகரமான எண்ணமேயாகும். பிழையான ஊகத்திற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. காந்த வளையத்தைத் தொட ஒரு செக்கனின் மில்லியனில் 2 பங்கு போதும். உருளை ஒருமுறை சுழல ஆயிரத்தில் 12 பங்கு ஆகும். இரண்டுக்கும் இடையே ஆறாயிரம் மடங்கு வேறுபாடு.

எல்லோரும் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். தம் செய்நிரலைத் தம்மை விட நன்கறிந்தவர் யார் எனத் தேர்ந்த செய்நிரலாளர் வாதித்தனர். ஐ. பி. எம். நிறுவனம் 1964 இல் அறிவித்த 360 வரிசைக் கணினிகளில் இவ்வசதி இருக்கவில்லை. அதனால் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் தம் மல்ற்றிக்ஸ் திட்டத்துக்கு வேறு நிறுவனத்தின் பொறியை நாடினர். 1969 இல் டேவிட் செயர் என்னும் ஐ. பி. எம். ஆய்வாளர், பொறியின் ஏற்பாடு திறமையான மனிதரின் ஏற்பாட்டுக்கு ஈடுகொடுக்கும் என்று காட்டும் ஆய்வொன்றை வெளியிட்டார். 1972 ஓகஸ்ட் 2 ஆம் நாள் அந்நிறுவனமே தன் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது.

இதற்கிடையில் பெரிய ஆபத்தொன்று தலைகாட்டியது. பல செய்நிரல்களை ஒருங்கே ஏற்றி ஓட்டிய கணினிகள், மேலும் ஒன்றே ஒன்றை ஏற்றியதும் திடீரென நிலைகுலைந்தன. வேகம் சிறிது சிறிதாகக் குறையவில்லை; மலையுச்சியிலிருந்து விழுவது போல் விழுந்தது. ஒருவரின் பக்கத்தை வெளியேற்றி மற்றவரின் பக்கத்தை உள்ளே கொணர்வதும், அவர் உடனே தம் பக்கத்தைத் திருப்பிக் கேட்பதுமாகப் பொறி போக்குவரத்திலேயே மூழ்கிற்று. ஆங்கிலத்தில் இதற்குத் திறாஷிங் என்று பெயர். நாம் திணறல் எனலாம். இதன் காரணத்தைத் தெளிவுற விளக்கியவர் பீற்றர் டென்னிங் என்னும் அமெரிக்க இளைஞர். 1968 இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் கூறுவது இது: ஒவ்வொரு செய்நிரலுக்கும் அண்மைக் காலத்தில் அது தொட்ட பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அத்தொகுதி முழுவதற்கும் இடங்கொடுக்க இயலாதாயின் அச்செய்நிரலை உள்ளே விடுதலே தவறு. எதனை வெளியேற்றுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம், யாரை உள்ளே விடுவது என்று கேளுங்கள் என்றார் அவர். இத்துறையில் எழுந்த கருத்துக்களுள் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் எண்ணம்.

கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஒசால்ப் பாபாவோலு என்னும் துருக்கியரும் பில் ஜோய் என்பவரும் 1979 இல் யுனிக்ஸ் முறைமைக்குப் பக்கமுறையைச் சேர்த்தனர். அவர்களுக்குக் கிடைத்த வக்ஸ் கணினியில், ஒரு பக்கம் பயன்பட்டதா இல்லையா என்று குறிக்கும் வன்பொருள் வசதியே இல்லை. பக்கத்தைச் செல்லாதது எனப் பொய்யாகக் குறித்து வைத்து, யார் வந்து முட்டுகின்றார் என்று பார்த்து அவர்கள் அக்குறையை ஈடுசெய்தனர்.

லினக்ஸின் கதையும் வறுமையில் தொடங்கியதே. 1991 இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் தம் புதிய முறைமையை வெளியிட்ட சில மாதங்களில், 2 மெகாபைற் நினைவகம் மட்டுமே உடைய ஒருவர் அதனைத் தம் பொறியிற் தொகுக்க இயலாமையை அறிவித்தார். அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் ரோர்வால்ட்ஸ் பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பும் வசதியை எழுதி முடித்தார். பத்தாண்டு கழிந்து அதே பகுதியே பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 பதிப்பில் நெதர்லாந்தினரான றிக் வான் றீல் அமைத்த நினைவக முறை இருந்தது. பலரும் குறைகூறவே, செத்தெம்பரில் 2.4.10 பதிப்பில் அதனை எடுத்துவிட்டு இத்தாலியரான அந்திரேயா ஆர்காஞ்சலியின் முறையை ரோர்வால்ட்ஸ் வைத்தார். நிலையானது என அறிவித்த பதிப்பின் நடுவே இதயத்தை மாற்றும் சத்திர சிகிச்சை இது. அலன் கொக்ஸ் போன்றோர் சில காலம் பழையதையே தம் பதிப்பிற் பேணினர்.

2003 டிசெம்பரில் வந்த 2.6 பதிப்பில், ஸ்வொப்பினெஸ் என்னும் எண் பயன்படுத்துவோரின் கைக்கு வந்தது. அதன் இயல்பான பெறுமானம் 60. நினைவகம் நூற்றுக்கு 60 பங்கு நிறைந்ததும் வன்தட்டுக்கு அனுப்பத் தொடங்கும் என்று இதற்குப் பொருள் கூறுவோர் பலர். அது பிழை. வெளியேற்றத்தக்க பக்கங்கள் இருவகை: வன்தட்டில் மூலப் பிரதி உள்ள கோப்புக்களின் பக்கங்கள் ஒருவகை, அவற்றை எழுதாமலே கைவிடலாம், பின்னர் வேண்டின் மீண்டும் வாசிக்கலாம். செய்நிரல் தானே உண்டாக்கிய பக்கங்கள் மற்றொரு வகை. அவற்றை இடமாற்றுப் பகுதியில் எழுதியே அகற்றல் வேண்டும். இவ்விரு வகையுள் எதன்மேல் முதலிற் கைவைப்பது என்னும் சார்பையே அந்த எண் குறிக்கின்றது. 0 என்று வைத்தாலும் இடமாற்று அறவே நின்றுவிடாது. நெருக்கடி முற்றும்போது கருப்பகுதி அதனை நாடவே செய்யும்.

2004 இல் இதுபற்றிக் கடும் விவாதம் நிகழ்ந்தது. கருப்பகுதியின் பொறுப்பாளருள் ஒருவரான அன்று மோர்ட்டன், தொடப்படாமற் கிடக்கும் பக்கங்களை வெளியேற்றி அவ்விடத்தைப் பயனுள்ளதாக்குவதே முறை என்று வாதித்தார். எதிர்த்தரப்பினரோ, இரவில் பெருங் கோப்புக்களைப் பிரதிசெய்யவிட்டுக் காலையில் வந்து அமர்ந்தால் திறந்துவைத்த செய்நிரல்கள் யாவும் வன்தட்டிலிருந்து முனகிக்கொண்டு எழுகின்றன என்றனர். கணக்கின்படி மோர்ட்டன் சொன்னதே சரி. ஆனால் காத்திருப்பவர் மனிதர் என்பதும் கணக்கில் வரல் வேண்டும் அன்றோ? பழைய கணினிகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தும் பாடசாலைகளில் இது வெறுஞ் சொற்போர் அன்று. 40 நிமிடப் பாடவேளையில் 5 நிமிடம் திரை உறைந்து நிற்கும் காட்சி அது. 2020 இல் வந்த 5.8 பதிப்பில் இந்த எண்ணின் மேலெல்லை 100 இலிருந்து 200 ஆயிற்று. நினைவகத்துள்ளேயே சுருக்கி வைக்கும் இடமாற்று, கோப்பை மீண்டும் வாசிப்பதிலும் பார்க்க விரைவானதாகிவிட்டதே காரணம்.

இன்னுமோர் எண் உண்டு. செய்நிரல்கள் பெரும்பாலும் தமக்கு வேண்டியதிலும் கூடுதலாகவே இடம் கேட்கும். கேட்டவர் யாவரும் ஒரே வேளையில் வந்து அதனை எடுப்பதில்லை என்னும் நம்பிக்கையில் லினக்ஸ் உள்ளதற்கு மேலாகவும் வாக்களிக்கும். இவ்வழக்கத்துக்கு இயல்பான பெறுமானம் 0. 1 என்றால் கேட்டோர்க்கெல்லாம் தடையின்றிக் கொடுக்கும். 2 என்றால் இடமாற்றுப் பகுதி முழுவதோடு நினைவகத்தின் குறித்த பங்கையும் கூட்டிவரும் தொகைக்கு மேல் வாக்களிக்க மறுக்கும். அந்தப் பங்கு மாற்றப்படாதவிடத்து நூற்றுக்கு 50. டென்னிங் கூறிய அறிவுரையின் நிழலை இந்த 2 இற் காணலாம். ஆயினும் அதனைத் தேர்வோர் சிலரே.

முதலிரு நிலைகளில் வாக்களித்தவாறு கொடுக்க இயலாத நாள் வந்தால் கருப்பகுதி ஒரு செய்நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக இடத்தைப் பிடித்திருப்பதே பலியாகும். அது மாணவர் ஒருவர் திறந்துவைத்த விளையாட்டாகவும் இருக்கலாம். வைத்தியசாலையொன்றின் தரவுத்தளமாகவும் இருக்கலாம். கருப்பகுதிக்கு அவ்வேறுபாடு தெரியாது. அதனைத் தெரிவிக்கும் பொருட்டே செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் −1000 தொடக்கம் 1000 வரை ஓர் எண்ணை இடும் வசதி செய்யப்பட்டுள்ளது. −1000 பெற்றதைக் கருப்பகுதி தொடாது. தொலைவிலிருந்து கணினியுட் புகுவதற்கு உதவும் ஓப்பன் எஸ். எஸ். எச். சேவை லினக்ஸில் இந்த எண்ணைத் தனக்குத் தானே இட்டுக்கொள்கின்றது. மற்றவையெல்லாம் வீழ்ந்த பின்னரும், திருத்த வரும் பொறுப்பாளர் உள்ளே நுழைவதற்கு ஒரு கதவு திறந்திருத்தல் வேண்டும் என்பதற்காக.