கோஷன் கல்லூரியின் படிப்பு–சேவைப் பருவம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மென்னோனைட் திருச்சபையைச் சார்ந்த கோஷன் கல்லூரி 1968இல் தொடங்கிய வெளிநாட்டுக் கல்வித் திட்டம். சுமார் மூன்று மாதப் பருவத்தின் முற்பாதியில் மாணவர்கள் தாம் செல்லும் நாட்டின் மொழியும் வரலாறும் கற்பர். பிற்பாதியில் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் ஊதியமின்றி வேலை செய்வர். தங்குவது உள்ளூர்க் குடும்பங்களோடு. பேராசிரியர் ஒருவர், பெரும்பாலும் தம் குடும்பத்துடன், அங்கேயே தங்கி மேற்பார்வையிடுவார். ஊர் ஊராகப் பிரிந்துபோன மாணவர்களை நேரில் சென்று பார்ப்பதும், அவர்கள் எழுதும் நாட்குறிப்பைப் படிப்பதும் அவர் பொறுப்பு. வீட்டு ஏக்கத்தையோ வயிற்றுக்கோளாறையோ வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மாணவரும் ஏட்டில் எழுதிவிடுவது உண்டு.  தொடக்கக் குழுக்கள் கோஸ்டா ரிக்கா, ஜமைக்கா போன்ற நாடுகளுக்குச் சென்றன. 1980இல் சீனாவும் சேர்ந்தது.